வாழைப்பழ மூலக்கூறுகள்: கேள்வி பதில்

திரவம் போல ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம் போல ஓரளவு ஒழுங்காக நிற்கும் திரவப் படிகங்களை அளந்தே தலை நரைத்தவன் நான். வளைந்த மூலக்கூறுகளைப் பற்றி நம் டெல்டாக்காரர்கள் கேட்டவை இவை.

வாழை வியாபாரி, திருவையாறு: ஐயா, வாழைப்பழ மூலக்கூறு என்கிறார்களே, கேலியா?

கேலியில்லை, ஆய்வாளர்கள் வைத்த செல்லப்பெயர். இந்த மூலக்கூறு, இரு பாதிகளுக்கிடையே ஏறத்தாழ 120 பாகைக் கோணம் வரும்படி நடுவில் வளைந்திருக்கும். உங்கள் கடையிலுள்ள பூவன் சீப்பைப் பாருங்கள். எல்லாப் பழமும் ஒரே பக்கம் வளைந்திருப்பதால்தான் நெருங்கி உட்கார்கின்றன. இவையும் ஓர் அடுக்கில் அப்படியே அமர்கின்றன. வளைவின் திசையில் மின் இருமுனையும் (ஒரு முனை நேர், மறுமுனை எதிர்) இருப்பதால் அடுக்கு முழுவதும் ஒரே திசையில் மின்முனைவு பெறுகிறது. 1996இல் டோக்கியோவில் நியோரி, தகேசோவே குழுவினர் இதை அறிவித்தபோது வியப்பு எதனால் என்றால், அந்த மூலக்கூறில் இடக்கை, வலக்கை போல ஒன்றோடொன்று பொருந்தாத கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் என்ற பேதமே கிடையாது. அதுவரை அந்தப் பேதம் இல்லாமல் திரவப் படிக அடுக்கு இப்படி மின்முனைவு பெறாது என்றே நம்பியிருந்தோம்.

மன்னார்குடி வாசகர்: டிவி திரையில் இருப்பது இதுதானா?

இல்லை. அவை நேரான தண்டு மூலக்கூறுகள். வளைந்தவற்றில் பல, 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றினால்தான் திரவப் படிகமாகும்.

ஆய்வு மாணவர், திருவாரூர்: இந்தப் பொருளை 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) இடைவெளியுள்ள இரு கண்ணாடித் தகடுகளாலான செல்லில் வைத்து 20 ஹெர்ட்ஸில் அளந்தால், ஒப்புமை விடுதிறன், அதாவது வெற்றிடத்தைப்போல் எத்தனை மடங்கு மின்னூட்டத்தைத் தேக்கவைக்கும் என்ற எண், ஆயிரத்தைத் தாண்டுகிறது. கட்டுரை எழுதலாமா?

பொறுங்கள், தம்பி. தண்ணீருக்கே சுமார் 80தான். வாய்க்காலில் நீர் மெதுவானால் வண்டல் மடையில் படியும். வேகமாக ஓடினால் படியாது. மின்புலம் மெதுவாக மாறும்போது பொருளில் கலந்த அயனிகளும் அப்படித்தான் மின்முனைகளில் போய் ஒதுங்கும். கருவிக்கு என்ன தெரியும்? அதையும் மின்தேக்குத்திறனாகவே கணக்கு வைக்கும். இரட்டிப்புத் தடிமனுள்ள செல்லில் மீண்டும் அளந்து பாருங்கள். பொருளின் குணமென்றால் எண் மாறாது. அயனியின் வேலையென்றால் கூடும்.

அதற்காக எல்லாமே பொய் என்று தள்ளிவிடவும் வேண்டாம். வளைந்த மூலக்கூறுகள் கொத்தாகச் சேர்ந்து சோம்பலாகத் திரும்புவதுண்டு. தனி மூலக்கூறின் அசைவைவிட மிகக் குறைந்த அதிர்வெண்ணில், எந்த அதிர்வெண்ணில் மின்னாற்றல் எவ்வளவு வெப்பமாக வீணாகிறது என்று காட்டும் இழப்பு வரைபடத்தில் அது ஒரு மேடாகத் தெரியும். மெகாஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு மேடு வந்தால் மகிழாதீர்கள். அது பெரும்பாலும் கண்ணாடியில் பூசிய கடத்திப் படலத்தின் மின்தடை காட்டும் வேடிக்கை. நானே ஒரு மழைக்காலம் முழுவதையும் அதில் தொலைத்தேன்.

காலிச் செல்லை அளந்தீர்களா? பரப்பு 1 சதுர சென்டிமீட்டர் என்றால் மின்தேக்குத்திறன் சுமார் 177 பிகோபாரட் வர வேண்டும். முதலில் அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள்.