பால்வீதியின் மையத்தருகே உள்ள பழமையான விண்மீன்களில் உலோகம் குறைவாக இருப்பது ஏன்?

வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாத் தனிமங்களும், ஆக்சிஜனும் கார்பனும் உட்பட, உலோகம் என்றே அழைக்கப்படுகின்றன. பெருவெடிப்பில் உருவானவை ஹைட்ரஜனும் ஹீலியமும் மிகச் சிறிதளவு லித்தியமும் மட்டுமே. மற்றவை பெரும்பாலும் விண்மீன்களுக்குள் உருவாகி, அவை மடியும்போது வெளியே சிதறின. ஓவியர் தூரிகையைக் கழுவக் கழுவக் கிண்ணத்து நீர் நிறமேறுவதைப் போல, தலைமுறைதோறும் விண்வெளி வாயுவில் உலோகம் கூடியது. தொடக்கத்திலேயே அள்ளி வைத்த நீரைப் போன்றவை இந்த விண்மீன்கள்.

ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள மையப்பகுதியில், சூரியனில் உள்ளதில் நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இரும்பு கொண்ட இவை, உலோகம் செறிந்த பெருங்கூட்டத்துக்குள் மிக அரிதாகவே கிடைக்கின்றன. இவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு விகிதம்: இரும்போடு ஒப்பிட்டால், மக்னீசியமும் கால்சியமும் பெரும்பாலும் சூரியனில் இருப்பதைவிடக் கூடுதலாக உள்ளன. மக்னீசியத்தைப் பெருமளவு தருபவை சில மில்லியன் ஆண்டுகளிலேயே வெடித்துவிடும் பெருநிறை விண்மீன்கள். இரும்பை மிகுதியாகத் தரும் வெண்குறுமீன் (சூரியன் போன்ற விண்மீன் மடிந்தபின் எஞ்சும் அடர்ந்த கரு) வெடிப்புகளோ வெகு காலம் கழித்தே பெருகின. அதற்கு முன்பே இவை பிறந்துவிட்டன.

இவையே பிரபஞ்சத்தின் முதல் விண்மீன்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சிறிதளவு இரும்பு இருப்பதே, இவற்றுக்கு முன் குறைந்தது ஒரு தலைமுறை வாழ்ந்து மறைந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.