வேலையை விடாமல் தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. கணிதம் படிக்க முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு 34 வயது. கடையில் வேலை. பிளஸ் டூவில் கணக்கு நன்றாக வந்ததாம், இப்போது பட்டம் படிக்க ஆசை, ஆனால் நேரம் கிடைக்குமா என்று பயம் என்கிறார்.

முடியும். நான் 36 வயதில் சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பை முடிக்க நாலரை வருடம் ஆனது. நடுவில் ஒரு பேப்பர் போனது, ஒரு பரீட்சையைப் புயல் கொண்டுபோனது. அதெல்லாம் சரி. ஆனால் நீங்கள் நேரத்தைப் பற்றியே மூன்று தடவை கேட்டிருக்கிறீர்கள். நேரம் எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காமல் போவது வேறொன்று. அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். 1997-இல் பிளஸ் டூ முடித்தேன். வீட்டு நிலைமையில் ஐ.டி.ஐ.தான் படிக்க முடிந்தது, அப்புறம் எங்கள் ஊர்க்காரர்கள் வழக்கப்படி வளைகுடா. 2013-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். ஒன்றேகால் ஏக்கர் ரப்பர் இருக்கிறது, இருநூற்றுச் சொச்சம் மரம். 2011-இல் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் போன ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழே வந்தது. அந்த விலையில் ஆள் வைத்துப் பால் வெட்டினால் கட்டுப்படியாகாது, நானே வெட்டினேன். மதியத்துக்கு மேல் மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதும் வேலை. இதற்கிடையில் 2015 ஜூலையில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். "இந்த வயசுல கரஸ்ல படிச்சு கலெக்டராவா ஆகப் போற?" என்று அம்மை கேட்டாள். பதில் இல்லை. எனக்குக் கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான். (எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை. கீழே கொஞ்சம் குறையும் சொல்லப் போகிறேன்.)

முதலில் நேரத்தை முடித்துவிடுவோம். ரப்பர் மரம் விடியுமுன் உள்ள குளிரில்தான் நன்றாகப் பால் விடும், வெயில் ஏற ஏறக் குறையும். அதனால் நாலு மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்க வேண்டும். கடைசி மரம் வெட்டி முடிக்க ஆறேகால் ஆகும். சிரட்டையில் பால் சொட்டி நிற்க எட்டு மணியாவது ஆகும். அதுவரை செய்ய வேலை கிடையாது. மற்றவர்கள் டீக்கடைக்குப் போவார்கள், நான் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் புகைப்புரை வாசலில் உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பேன். ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வெட்டு. வெட்டில்லாத நாளிலும் பழகிய உடம்பு நாலு மணிக்கு எழுந்துவிடும். மழை நாளில் வெட்டில்லை, இலை உதிர்ந்து தளிர்க்கும் காலத்திலும் மரத்துக்கு ஓய்வு. கூட்டிப் பார்த்தால் ரெகுலர் காலேஜ் பையனைவிட எனக்குப் படிக்க அதிக நேரம் இருந்தது. உங்கள் கடையிலும் இப்படி ஓர் இடைவெளி இருக்கும். தேடிப் பாருங்கள், கிடைக்கும்.

எனக்கு இல்லாமல் போனது 'இது தப்பு' என்று சொல்ல ஓர் ஆள்.

வகுப்பில் இருந்தால் இதை யாரும் கவனிப்பதில்லை. பக்கத்து பெஞ்சுக்காரன் நம் நோட்டை எட்டிப் பார்த்து "ஏலே, என்ன இது?" என்பான். வாத்தியார் போர்டில் எழுதுவதைப் பார்த்ததும் நாம் எழுதியது வேறு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். புகைப்புரை வாசலில் யார் இருக்கிறார்கள்? நானும் கொசுவும்தான்.

முதல் வருடம் இது தெரியவில்லை. நுண்கணிதம் அப்படிப்பட்ட பாடம். தொகையீடு (இன்டெக்ரல்) கண்டுபிடித்துவிட்டுச் சரியா என்று சந்தேகம் வந்தால், வந்த விடையை வகையிட்டுப் பார்த்தால் போதும், பழைய கணக்கு திரும்பி வந்துவிடும். வகைக்கெழுச் சமன்பாடும் அப்படித்தான், விடையை உள்ளே போட்டுப் பார்க்கலாம். கணக்கே கணக்கைத் திருத்தும். இரண்டாம் வருடம் மெய்யெண் பகுப்பாய்வு வந்தது, இங்கிலீஷில் ரியல் அனாலிசிஸ். அதில் எல்லாமே நிரூபணம். புத்தகத்தின் பின்பக்கம் விடை இருக்காது. தப்பான நிரூபணமும் எழுதியவன் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும்.

பதினெட்டுப் பக்கம் அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் 72 என்று எழுதித் திரும்பி வந்தது. உள்ளே ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. சரி, பாடம் நமக்கு வந்துவிட்டது என்று நம்பினேன். 2017 ஜூன் தேர்வில் பாஸுக்கு ஆறு மார்க் குறைந்தது.

அந்த வருடம் ஒரு நாள் அரை இஞ்ச் பைப் எல்போ வாங்க ஒருவர் கடைக்கு வந்தார். பில் போட நான் உள்ளே போன நேரத்தில், கல்லாவில் கிடந்த என் நோட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. "இது யாருக்க நோட்டு?" என்றார். என்னுடையது என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டு எல்போவை மறந்து போய்விட்டார். எல்போவைக் கொடுக்கிற சாக்கில் போனேன்.

அவர் முதலில் காட்டிய தப்பை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதில். 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் தொடர்முறை பூஜ்யத்தை நெருங்குகிறது என்று நிரூபிக்க வேண்டும். உறுப்புக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும் என்று குறிக்க எப்சிலான் என்று ஓர் எழுத்து. நான் "ஓர் இடம் உண்டு, அதற்குப் பிறகு எந்த எப்சிலானை எடுத்தாலும் இடைவெளி அதைவிடக் குறைவு" என்று எழுதியிருந்தேன். படித்துப் பாருங்கள், சரி மாதிரிதானே இருக்கிறது?

"எடே, இதுல முதல்ல பேச வேண்டியது யாரு?" என்றார் சார். நான் முழித்தேன்.

"நீ ஷீட் அடிக்கிறவன்தானே? கடைக்காரன் என்ன சொல்லுவான், ஷீட்டுல ஈரம் இவ்வளவுக்கு மேல இருக்கப்படாதுன்னு சொல்லுவான். அப்புறம் நீ சொல்லுவ, அப்படின்னா இத்தனை நாள் புகை போடணும்னு. அவன் இன்னும் கறாரா கேட்டா நீ ரெண்டு நாள் கூட்டுவ. ஒனக்க நோட்டுல நீ முதல்லயே நாளைச் சொல்லிப்போட்ட. அவன் எவ்வளவு கறாரா கேட்டாலும் அந்த ஒரே நாள் போதும்னு எழுதி வச்சிருக்க. அப்ப அந்த நாளுக்குப் பிறகு ஷீட்டுல ஈரமே இல்லன்னு அர்த்தம். அப்படி ஒரு ஷீட்டை நீ பாத்திருக்கியா மக்கா?"

இடைவெளி நூறில் ஒன்றுக்குக் குறைவாக வேண்டும் என்றால் 101-ஆவது உறுப்பிலிருந்து சரியாக இருக்கும். ஆயிரத்தில் ஒன்று என்றால் 1001-ஆவதிலிருந்து. கேட்பவன் மாற மாற இடமும் தள்ளிப் போகும். நான் எழுதியபடி எல்லா எப்சிலானுக்கும் ஒரே இடம் என்றால், அதற்குப் பிறகு எல்லா உறுப்பும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். இந்தத் தொடர்முறையில் எந்த உறுப்பும் பூஜ்யம் கிடையாது. இரண்டு சொல் இடம் மாறியதில் நிரூபணமே வேறொன்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். எட்டு மாதமாக எழுதிய நிரூபணங்களில் பாதிக்கு மேல் இதே தப்பு. 72 வாங்கிய அசைன்மென்ட்டிலும்தான்.

அதிலிருந்து ஞாயிறு தோறும் போவேன். சார் பாடம் நடத்த மாட்டார். நான் எழுதியதைப் படிப்பார், ஓர் இடத்தில் விரலை வைப்பார், "இந்த வரி எங்கேருந்து வந்தது?" என்பார். பெரும்பாலும் அது எங்கிருந்தும் வந்திருக்காது.

2017 டிசம்பர் முதல் வாரத்தில் மறுதேர்வு. நவம்பர் 30 அன்று ஒகி புயல் வந்தது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை, அந்த வீடுகளுக்கு முன்னால் என் மரக்கணக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் என் கணக்கு இதுதான்: 61 மரம் முறிந்து கிடந்தது. ரப்பர் ஏழெட்டு வருடம் வளர்ந்த பிறகுதான் வெட்டுக்கு வரும். ரோட்டில் மரம், கரண்ட் கம்பம் எல்லாம் சாய்ந்து, பல நாள் கரண்ட் இல்லை. தேர்வுக்குப் போகவில்லை.

பத்து நாள் கழித்து, இனி படிக்கவில்லை என்று சொல்லத்தான் சார் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் பெரிய பலாமரம் குறுக்கே கிடந்தது. கையில் ரம்பத்தோடு நின்றவர், என்னைப் பார்த்ததும் "வா, அந்தப் பக்கம் பிடி" என்றார். ஒரு மணி நேரம் அறுத்தோம். பச்சை மரம், ரம்பம் சிக்கிச் சிக்கி நின்றது. கட்டஞ்சாயா குடிக்கும்போது "அடுத்தது ஜூன்தானே?" என்றார். ஆமாம் சார் என்றேன். நான் எதற்கு வந்தேன் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

2018 ஜூனில் அந்தப் பேப்பரை எழுதினேன், 51 வந்தது. கடைசிப் பேப்பர் 2019 டிசம்பரில்.

அதனால் சேருவதற்கு முன்னால் உங்கள் நோட்டைப் படிக்க ஓர் ஆளைப் பிடியுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், எம்.எஸ்சி. படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளை, கூடச் சேரும் இன்னொருவர், யாராக இருந்தாலும் சரி. வீடியோ பார்த்தால் போதாதா என்பார்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன, நானும் ராத்திரி ராத்திரியாகப் பார்த்தேன், அருமையானவை. ஆனால் வீடியோ பேசும், உங்கள் நோட்டை அது பார்க்காது.

இனி சில்லறை விஷயங்கள். சேரப்போகும் படிப்புக்கு யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். அங்கீகாரம் இருந்தால் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முக்கியம், உங்களுக்கு அது இருக்கிறது. நம் பக்கத்தில் பலரும் யோசிப்பது 1985-இல் தொடங்கிய இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டையும்தான். இக்னோவில் மூன்று வருட இளநிலைப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு, தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். அவர்களுடைய பாடப் புத்தகங்கள் ஈ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ரியல் அனாலிசிஸ் புத்தகத்தை இறக்கி நாற்பது பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள். கணிதம்தான் வேண்டும் என்றில்லை என்றால், ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பட்டமும் இருக்கிறது. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், வயது வரம்பு இல்லை, வாரா வாரம் அசைன்மென்ட், தேர்வை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும். அதைச் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பள்ளி ஆசிரியராகலாம் என்ற எண்ணம் இருந்தால் ஒன்று. தொலைதூர பி.எட். பொதுவாக ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான். இது எனக்குப் பட்டம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ரெகுலர் பி.எட். போக வசதிப்படவில்லை. இப்போதும் காலையில் வெட்டு, சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன்.

குறை என்றேனே, அது இதுதான்: நான் கொடுத்த இரண்டு அசைன்மென்ட்டின் மார்க் கடைசிப் பட்டியலில் ஏறவே இல்லை. மூன்று தடவை ஆபீஸுக்கு அலைந்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு ஜன்னலைக் காட்டினார்கள். கொடுத்ததற்கான ரசீதைப் பழைய டைரிக்குள் வைத்திருந்ததால் தப்பித்தேன். எதைக் கொடுத்தாலும் நகல் எடுங்கள், முத்திரை போட்ட ரசீதில்லாமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள்.

சாருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் நான் வாசிக்க அவர் கேட்கிறார், விரல் வைக்கும் இடத்தில் "நில்லு" என்கிறார். நீங்கள் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் என்றால் கமெண்டில் சொல்லுங்கள். நோட்டோடு வந்தால் போதும், எல்போ வேண்டாம்.