நான்கு வயதுப் பார்வையாளருக்காகவும் படிக்கலாம்

மகளின் ஓவிய நோட்டையும் ஒரு பயிற்சி நிறுவனத்தின் வழவழப்பான கையேட்டையும் அருகருகே வைத்துவிட்டு நீங்கள் இருவரும் கேட்ட கேள்வி இது: "அனிமேஷன் படிக்கட்டும், ஆனால் முப்பரிமாணமும் விஷுவல் எஃபெக்ட்ஸும்தான் படிக்க வேண்டும், மற்றதெல்லாம் பழைய காலத்து வேலை என்று அவளுடைய மாமா சொல்கிறார். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா?" பிள்ளையின் விருப்பத்துக்கு ஒருவழியாக இணங்கிவிட்ட பெற்றோருக்கு, அதிலாவது உயர்ந்ததைக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். அந்த மனம் எனக்குப் புரிகிறது. என்றாலும், சேர்க்காதீர்கள். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். மாமாவிடமும் படிக்கக் கொடுங்கள்.

இருபரிமாணம் கீழ்ப்படி, முப்பரிமாணம் மேல்படி என்ற எண்ணமே தவறு. ஒவ்வொரு பாணிக்கும் அதற்கு ஒத்துவரும் கதைகளும், அதை விரும்பும் கண்களும் உண்டு. முழுக்கக் கணினியிலேயே உருவான முதல் முழுநீளப் படமான 'டாய் ஸ்டோரி' 1995இல் வந்தது. மனிதத் தோலையும் தலைமுடியையும் நம்பும்படி காட்டுவது அன்றைய கணினிக்குப் பெரும்பாடு, பிளாஸ்டிக் பரப்போ நன்றாக வரும். பொம்மைகளைப் பற்றிய கதை அந்த நுட்பத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. 1963இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'ஆஸ்ட்ரோ பாய்' வாரந்தோறும் வர வேண்டியிருந்ததால் ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அசையாமல் நிற்கும் முகமும் அதன்மேல் ஓடும் மனக்குரலும் பின்னாளில் நீண்ட தொடர்களின் பலமாகவே ஆகிவிட்டன. 2021இல் வந்த 'ஃப்ளீ' என்ற ஆவணப்படத்தில், அகதியாக வந்த ஒருவர் தன் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வாழ்க்கையைச் சொல்கிறார். கேமராவால் காட்ட முடியாத அந்த முகத்தை வரைபடம் காட்டியது. அச்சமூட்டும் கதைக்கு, பொம்மையைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்கும் ஸ்டாப் மோஷனுக்கு நிகர் இல்லை என்பேன். உயிரற்ற ஒன்று நிஜ வெளிச்சத்தில் அசைகிறது என்பதே பாதிப் பயத்தைக் கொண்டுவந்துவிடும்.

ஆகவே உங்கள் மகள் யாருக்குக் கதை சொல்ல விரும்புகிறாள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நோட்டை முழுவதும் புரட்டினேன். அதில் போர் இல்லை, விண்கலம் இல்லை. உருண்டைத் தலை விலங்குகள்தான் பக்கத்துக்குப் பக்கம். கை, கால், வால் எல்லாவற்றையும் தனித்தனியாக வெட்டி, அசையும்படி கோத்தும் வைத்திருக்கிறாள். எல்லாம் தம்பிக்காகச் செய்ததாகச் சொன்னாள். இந்தச் சாய்வு தெளிவாகவே இருக்கிறது. பொறியியல், ஊடகக் கல்லூரி, கணினி விளையாட்டு நிறுவனம் பற்றியெல்லாம் உறவினர்களே சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது அவர்கள் யாரும் சொல்லாத வழி: மழலையர் நிகழ்ச்சிகளுக்கான கட்-அவுட் அனிமேஷன்.

2004இல் தொடங்கிய 'பெப்பா பிக்', 2018இல் தொடங்கிய 'புளூயி' இரண்டும் இந்த முறையில் உருவானவை. ஒரு பாத்திரத்தைத் தலை, இமை, மேல்கை, முன்கை, உள்ளங்கை என்று துண்டு துண்டாக வரைந்து, எந்தத் துண்டு எந்தப் புள்ளியில் சுழல வேண்டும், எது எதன்மேல் வர வேண்டும் என்று கணினியில் பிணைக்கிறார்கள். ரிக் என்பது இதுதான். முழங்கையின் சுழல்புள்ளி சற்றே தவறினாலும் கை ஒடிந்ததுபோல் தெரியும். நேர்முகம், முக்கால் முகம், பக்கவாட்டு முகம் மூன்றையும் ஒரே ஆளாகத் தோன்றும்படி வரைய வேண்டும். பிறகு வாய்கள்: ப, ம வரும்போது உதடு மூட வேண்டும், உ, ஓ வரும்போது குவிய வேண்டும், ஆ என்றால் திறக்க வேண்டும். ஒரு நொடிக்கு 24 அல்லது 25 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படங்கள். அதில் இமைப்பு எங்கே விழுகிறது என்பதைக் கொண்டே பாத்திரம் யோசிக்கிறதா, வெறுமனே நிற்கிறதா என்று குழந்தை கண்டுபிடித்துவிடும்.

இந்தப் பாணி சிறு பிள்ளைகளுக்குப் பொருந்துவது செலவு குறைவு என்பதால் மட்டும் அல்ல. தெளிவான வெளிக்கோடு, நிரப்பிய வண்ணம், பொருள்கள் அதிகம் இல்லாத பின்னணி, பெரிய முகம் இவை இருந்தால் எதைப் பார்ப்பது என்று குழந்தை தேட வேண்டியதில்லை. பெப்பாவின் பக்கவாட்டு முகத்தில் இரண்டு கண்களும் ஒரே பக்கம் இருப்பதைக் கவனியுங்கள், ஒரு குழந்தை வரைந்தால் அப்படித்தான் வரையும். 1996இல் தொடங்கிய 'புளூஸ் க்ளூஸ்' நிகழ்ச்சியில் நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள். பெரியவர்களுக்குச் சலித்திருக்கும், குழந்தைகளோ திரும்பப் பார்க்கப் பார்க்கக் கூடுதலாகப் பதில் சொன்னார்கள். எங்கே நிறுத்துவது, எதைத் திரும்பச் சொல்வது என்று அறிவது தனிக் கலை. தம்பிக்குக் கதை சொல்லிச் சொல்லி உங்கள் மகளுக்கு அது கொஞ்சம் கைவந்திருக்கிறது.

பணத்தைப் பற்றி நான் இளக மாட்டேன். அந்தக் கையேட்டில் பாதிப் பக்கம் மென்பொருள்களின் பெயர்ப் பட்டியல். பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் பெற்ற 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. இருபரிமாணத்துக்கான ஓப்பன்டூன்ஸும் 2016 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கருவியைக் கற்பதற்காக வீட்டை அடகு வைப்பது அநியாயம். நல்ல ஆசிரியரின் திருத்தம், உடல் அசைவைப் பார்த்து வரையும் பயிற்சி, கதையைக் காட்சி காட்சியாக வரைந்து கதைச் சட்டகம் அமைக்கும் பயிற்சி இவற்றுக்குக் கட்டணம் கொடுக்கலாம். வேலை கிடைத்தவர்களின் புகைப்படச் சுவரைக் காட்டினால் மயங்காதீர்கள். கடைசி ஆண்டு மாணவர்கள் செய்த படங்களைக் கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.

இந்தத் துறையில் வேலை பெரும்பாலும் திட்டம் திட்டமாகத்தான் வரும், இடையில் வருமானமில்லாத மாதங்களும் இருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். கடன் கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான். வெறும் மாதங்களில் தவணை நெருக்கினால் கையில் கிடைத்த எந்த வேலைக்கும் அவள் தலையாட்ட வேண்டிவரும்.

எங்கும் சேர்க்கும் முன் அவள் முப்பது நொடிப் படம் ஒன்று செய்யட்டும்: ஒரு பாத்திரம், ஒரு பின்னணி, ஒரு கேள்வி. தம்பிக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அவன் கண் திரையை விட்டு விலகும் இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும், திருத்தட்டும், மறுபடி காட்டட்டும். மூன்றாவது திருத்தத்துக்கும் தானாகவே உட்கார்ந்தாள் என்றால் படத்தோடு என்னிடம் அழைத்து வாருங்கள், எந்தப் படிப்பு என்று அப்போது முடிவு செய்யலாம். அதுவரை கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.