மண்ணீரலை எடுப்பதா, மாத்திரையா?

சகோ, உங்கள் மனைவிக்கு ஐ.டி.பி. (உடலின் எதிர்ப்பு சக்தியே ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களை அழிக்கும் நோய்) வந்து ஏழு மாதம், ஸ்டீராய்டைக் குறைத்தாலே பிளேட்லெட் 18,000-க்கு இறங்குகிறது, அந்த அணுக்கள் பெரும்பாலும் அழியும் இடமான மண்ணீரலை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான். அவசரப்படாதீர்கள். முதல் வருடத்தில் தானாகவே சரியாகவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் பெரும்பாலும் 12 மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். எடுத்தால் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு நீண்டநாள் பலன், அதை மறுக்கவில்லை. ஆனால் மண்ணீரல் இல்லாவிட்டால் கிருமித் தொற்று கடுமையாகலாம், அதனால் நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை இரண்டு வாரம் முன்பே போட்டாக வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டு வீட்டில் படுக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நான் பிளேட்லெட்டைக் கூட்டும் எல்ட்ராம்போபாக் மாத்திரையில் இருக்கிறேன். தொல்லையெல்லாம் சாப்பாட்டில்தான். பால், தயிர், கேழ்வரகு, கால்சியம் மாத்திரை எதுவானாலும், அதற்கு 2 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும். ஒன்பது மணிக்குத் தயிர்சாதம், பத்து மணிக்கு மாத்திரை என்று இருந்தேன். எண்ணிக்கை ஏறவே இல்லை! இப்போது காலை ஐந்துக்கு மாத்திரை, ஏழரைக்குத்தான் காபி. கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது உண்டு. திடீரென்று நிறுத்தினால் எண்ணிக்கை சரியும்.

குழந்தை யோசனை இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், முடிவே மாறலாம்.