மகளை ஈசிஎன்எல் கிளப்புக்கு மாற்றலாமா? முதலில் அந்த ஹீலாக்கைப் பார்ப்போம்

கேள்வி: டாலஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் 2013 அக்டோபரில் பிறந்தவள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் உள்ள கிளப்பில் சாக்கர் விளையாடுகிறாள், வருஷ ஃபீஸ் 1,500 டாலர். இப்போது ஈசிஎன்எல் என்ற முன்னணி இளையோர் சாக்கர் லீக்கில் அணி வைத்திருக்கும் ஒரு பெரிய கிளப்பின் கோச் அவளைக் கூப்பிடுகிறார். அங்கே ஃபீஸ் 3,600. அணிக்கு ஆள் எடுக்கும் டிரையவுட் மே மாதம்தான், ஆனால் இப்போதே சரி என்று சொல்லிவிட்டால் நல்லது என்கிறார். வித்தியாசம் 2,100 டாலர்தானே, ஹீலாக்கில் (வீட்டின் மேல் வாங்கி, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) இன்னும் லிமிட் இருக்கிறது, அதிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். இப்போது அதில் 34,000 பாக்கி, வட்டி மட்டும் கட்டி வருகிறோம். கணவருக்கு இஷ்டமில்லை. காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு இதுதான் வழி என்று மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர், மாதம் 500 டாலர் ஐயூஎல் பாலிசியில் (பங்குச் சந்தைக் குறியீட்டை ஒட்டிச் சேமிப்பு வளரும் ஆயுள் காப்பீடு) போட்டால் காலேஜ் செலவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: விளையாட்டு பிள்ளைக்கு என்ன தரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதனால் நேராகப் பணத்துக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த இரண்டு வருஷ ஹீலாக் ஸ்டேட்மெண்ட்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. கல்மழைக்குப் பிறகு கூரை மாற்ற எடுத்த 14,000 பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை, அது வேண்டிய செலவு. அதற்கப்புறம் ஐந்து தடவை எடுத்திருக்கிறீர்கள், ஐந்தும் சரியாக 4,000.

டெக்சஸில் ஹீலாக்கிலிருந்து ஒரு தடவைக்கு 4,000 டாலருக்குக் குறைவாக எடுக்க முடியாது, மாநில அரசியல் சட்டத்திலேயே உள்ள விதி அது. சின்னச் சின்னச் செலவுக்கெல்லாம் வீட்டில் கை வைக்கக் கூடாது என்பதற்காக வைத்த வேலி, உங்கள் வீட்டில் நேர் எதிராக வேலை செய்கிறது. சான் அன்டோனியோ டோர்னமெண்டுக்கும் கேம்புக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 1,600. எடுத்தது 4,000. மீதி 2,400 கணக்கில் கிடந்த வாரத்தில் ஊரிலிருந்து நாத்தனார் வீட்டு வேலைக்குப் பணம் கேட்டிருக்கிறார், அனுப்பியும் விட்டீர்கள். அது உங்கள் பணம் இல்லை, எட்டரை சதவீத வட்டிக்கு வாங்கிய பணம். நீங்களே எழுதியிருக்கும் குறிப்பைக் கூட்டினால், ஐந்து தடவையில் எடுத்த 20,000இல் உண்மையான தேவை சுமார் 11,000தான். மீதி 9,000 ஊருக்கும் காஸ்ட்கோவுக்கும் போயிருக்கிறது. கூரைக்கு எடுத்த தொகையின் வட்டிக்காவது, டிடக்‌ஷனை ஐட்டமைஸ் செய்கிறவர்களுக்கு, அதாவது கழிவுகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு, வரிச் சலுகைக்கு வழி உண்டு. மற்ற 20,000க்கு அதுவும் கிடையாது.

இப்போது அந்த 2,100. ஃபீஸ் வித்தியாசம் மட்டும்தான் அது. புது கிளப் என்றால் சீருடை, பை என்று கிட் மொத்தமும் புதிது, 450 என்று வைப்போம். ஹூஸ்டன், ஆஸ்டின் என்று வெளியூர் வார இறுதிகள் குறைந்தது நான்கு வரும், ஹோட்டல், சாப்பாடு, பெட்ரோல் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 525 போட்டால் 2,100. பல டோர்னமெண்டுகளில் அவர்கள் சொல்கிற ஹோட்டலில்தான் தங்கியாக வேண்டும், மலிவாக நீங்களே தேடிக்கொள்ளவும் முடியாது. பிறகு தினசரி ஓட்டம். பிராக்டிஸ் மைதானம் ஒரு வழிக்கு 27 மைல், வாரம் மூன்று நாள், வருஷத்துக்கு நாற்பது வாரம் என்றால் 6,500 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. வரித்துறையான ஐஆர்எஸ் 2025க்கு மைலுக்கு 70 சென்ட் கணக்கு வைத்தது, கார் ஏற்கெனவே இருக்கிறதே என்று நான் 30 சென்ட்தான் போடுகிறேன், அதுவே 1,950 ஆகிறது. டோல் போக வர ஏழு டாலர் என்றால் 120 நாளுக்கு 840. மொத்தம் ஏறக்குறைய 7,440, அதாவது மாதம் 620 டாலர். சின்னவனை அந்த மூன்று நாள் சாயந்திரம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை இதில் சேர்க்கவே இல்லை.

பிளஸ் டூ முடியும்வரை ஆறு சீசன் இருக்கிறது. எல்லாவற்றையும் ஹீலாக்கிலேயே ஏற்றினால் 34,000 என்பது 78,000ஐத் தாண்டும், வட்டி மட்டுமே மாதம் 550க்கு மேல். அதுவும் எப்போது? 2032இல், மகள் காலேஜில் சேருகிற அதே வருஷம். அசலைக் கட்டத் தொடங்க வேண்டிய காலமும் அதையொட்டித்தான் வரும். ஆறு வருஷத்தில் சாக்கருக்குக் கூடுதலாகப் போகிற 44,000 டாலர், டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உள்ளூர் மாணவருக்கு ஏறக்குறைய நான்கு வருஷ டியூஷன்.

ஸ்காலர்ஷிப்பை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். காலேஜ் விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 பெண்கள் சாக்கரில் ஒரு காலேஜுக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் என்பதுதான் பல வருஷமாக உச்சவரம்பாக இருந்தது, அதை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். 2025இல் வந்த கோர்ட் செட்டில்மெண்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த வரம்பு போய், அணியில் 28 பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. பணம் எவ்வளவு தருவது என்பது அந்தந்தக் காலேஜின் கையில். டிவிஷன் 3 காலேஜ்களிலும் ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் 1 கோச்சுகள் ஒரு பெண்ணைத் தொடர்புகொள்ளவே பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 ஆக வேண்டும், உங்கள் மகளுக்கு அது 2030. அவளுக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கிறது என்பதற்காகச் செலவழியுங்கள், அதை நான் மனதார ஒப்புக்கொள்வேன். திரும்பி வரும் முதலீடு என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம்.

அவசரப்படத் தேவையில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதுவரை பிறந்த வருஷப்படி அணி பிரித்தார்கள், அதனால் அக்டோபரில் பிறந்த உங்கள் மகள் ஜனவரியில் பிறந்த பெண்களோடு மோதிக்கொண்டிருக்கிறாள். 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாறுகிறது. அவள் மறுபடியும் யூ13தான் (பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணி), ஆனால் இந்தத் தடவை அந்த அணியில் மூத்தவர்களில் ஒருத்தி. எல்லா கிளப்பும் அணிகளைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கும் வருஷம் இது. இப்போதே சொன்னால் நல்லது என்று கோச் சொல்வது அவருக்கு நல்லது. மேயில் அவள் கை ஓங்கித்தான் இருக்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான். இந்த மாதத்திலிருந்து 620 டாலரை சம்பளம் வந்த அன்றே தனி சேவிங்ஸ் கணக்குக்கு மாற்றுங்கள், ஹீலாக்கைத் தொடாமல். டிரையவுட் வருவதற்குள் நான்கு மாதத்தில் 2,480 சேர்ந்தால் அட்வான்ஸையும் கிட் செலவையும் ரொக்கமாகக் கட்டலாம், கணவரும் அதற்குமேல் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இரண்டாவது மாதமே தடுமாறினால் இந்த வருஷம் பழைய கிளப்பிலேயே இருக்கட்டும், அந்தப் பணத்தை ஹீலாக் அசலில் போடுங்கள். நாத்தனாருக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வருஷத்துக்கு இவ்வளவு என்று இருவரும் பேசி ஒரு தொகை முடிவு செய்து, அதையும் சம்பளத்திலிருந்தே அனுப்புங்கள்.

ஐயூஎல் வேண்டாம். அதில் பல பாலிசிகளுக்கு, நடுவில் விட்டால் பிடித்துக்கொள்ளும் சரண்டர் சார்ஜ் பத்து வருஷமோ அதற்கு மேலோ ஓடும், உங்களுக்குப் பணம் தேவைப்படுவது ஆறு வருஷத்தில். எட்டரை சதவீதக் கடனை வைத்துக்கொண்டு மாதம் 500ஐ அங்கே கொண்டுபோய்ப் பூட்டுவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது. விற்கிறவர் நம் ஆள் என்பதற்காக யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கோச்சுக்கு இன்றே ஒரு ஈமெயில் போடுங்கள். வருஷ மொத்தச் செலவு எவ்வளவு, நடுவில் அடிபட்டாலோ விலகினாலோ மீதி ஃபீஸ் கட்ட வேண்டுமா, நிதி உதவிக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று எழுத்தில் கேளுங்கள். பல கிளப்புகளில் ஒப்பந்தம் முழு வருஷத்துக்கு, கேட்காதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படியே, மேக்கு முன்னால் ஏதாவது ஒரு டோர்னமெண்டில் மகளை கெஸ்ட் பிளேயராக ஆட வைக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த அணியில் அவளுக்கு மைதானத்தில் இடமா, பெஞ்சில் இடமா என்பது ஒரு வார இறுதியிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஃபீஸ் இரண்டுக்கும் ஒன்றுதான்.