காவடி எடுத்த விளம்பரக்காரர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அலகு குத்துதல் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையில், துளையிடுதல், சூடு போடுதல் போன்ற உடல்மாற்றத்துக்கென்றே பத்திரிகை நடத்திய ஃபகீர் முசாஃபர் என்ற அமெரிக்கர் கலிபோர்னியாவில் காவடி எடுத்தார் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்து வருகிறது. அவருடைய படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். எனக்கு வந்தது கோபமா, ஆர்வமா என்று சொல்லத் தெரியவில்லை. நாங்கள் ஆண்டுக்கு ஒருநாள் அலகு குத்திக்கொண்டு, இரண்டொரு நாளில் வேலைக்குத் திரும்புகிறவர்கள். இதையே பத்திரிகையாக நடத்துகிற ஒருவர் மற்ற நாட்களில் என்னதான் செய்துகொண்டிருப்பார்?

ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

மற்ற நாட்களில் அவர் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய இயற்பெயர் ரோலண்ட் லூமிஸ். 1930இல் தெற்கு டகோட்டா மாநிலத்தின் அபெர்டீனில் பிறந்து, கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் வெடிமருந்தைக் கையாளக் கற்றுக்கொடுத்து, பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் படைப்பிலக்கியத்தில் முதுகலை படித்து, அந்த வட்டாரத்திலேயே விளம்பரத் துறையில் தொழில் நடத்தியவர். கழுத்துப்பட்டை அணிந்து வாடிக்கையாளர்களைச் சந்தித்த அந்த மனிதரின் சட்டைக்குள், பதின்வயதிலிருந்து அவரே போட்டுக்கொண்ட துளைகள் இருந்தன. சிறுவயதில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ்களில் பார்த்த படங்களை, வீட்டில் யாரும் இல்லாத வேளைகளில் தன் உடலிலேயே செய்து பார்த்து, அதைத் தானே புகைப்படமும் எடுத்து வைத்தார். இடுப்பை இறுக்கும் கார்செட்டுகளைத் தயாரித்து விற்கும் தொழிலையும் சிலகாலம் நடத்தியிருக்கிறார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ரகசியமாக இருந்த இந்த வாழ்க்கையை 1977இல் ரீனோ நகரில் நடந்த பச்சைகுத்துவோர் மாநாட்டில்தான் வெளிப்படுத்தினார். ஃபகீர் முசாஃபர் என்ற பெயரில் அவர் மேடையேறியது அங்கேதான்.

அவரை அந்த மேடைக்குத் தள்ளிய டக் மலாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு அவர் இன்னும் விசித்திரமான விடை. டக் மலாய் என்பது புனைபெயர். உண்மையில் அவர் ரிச்சர்ட் சைமன்டன் என்ற செல்வந்தர். கடைகளிலும் அலுவலகங்களிலும் மெல்லிய பின்னணி இசையை ஒலிக்கச்செய்த மியூஸாக் நிறுவனத்தின் லாஸ் ஏஞ்சலஸ் உரிமம் அவரிடம் இருந்தது. மௌனப்படக் காலத்துத் திரையரங்குகளில் வாசிக்கப்பட்ட பிரம்மாண்டமான ஆர்கன்கள்மேல் தீராத மோகம் கொண்டு, தன் வீட்டிலேயே ஒன்றை நிறுவியிருந்தார். அவற்றைப் பாதுகாப்பதற்கான அமெரிக்கச் சங்கம் 1955இல் அந்த வீட்டில்தான் தொடங்கியது. 1958இல், மூடும் நிலையில் இருந்த ஒரு நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, டெல்டா குவீன் என்ற நீராவிக் கப்பல் தொடர்ந்து ஆற்றில் ஓட வழிசெய்தார். ஜிம் வார்டு 1975இல் தொடங்கிய காண்ட்லட் என்ற உடல்நகைத் தொழிலுக்கு முதலீடு தந்தவரும் இவரே. பழம்பொருட்களின் விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டியவர், உடல் துளையிடுதல் பற்றித் தான் எழுதிய சிறு பிரசுரத்தில், ரோமானியப் படைத்தலைவர்கள் மேலங்கியை மாட்டுவதற்காக மார்பில் வளையம் அணிந்தார்கள் என்பது போன்ற ஆதாரமற்ற கதைகளைச் சரித்திரமாக எழுதிவைத்தார். அந்தக் கதைகள் இன்றுவரை உலவுகின்றன. நீராவிக் கப்பலுக்காக அவரை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு, ஆனால் சரித்திரம் படித்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

ஜிம் வார்டு 1977இல் தொடங்கிய காலாண்டிதழில் எழுதிப் பழகிய முசாஃபர், 1992இல் சொந்தமாக ‘பாடி ப்ளே’ என்ற காலாண்டிதழைத் தொடங்கி 1999 வரை நடத்தினார். ஆசிரியர், பதிப்பாளர், புகைப்படக்காரர் மூவரும் அவரே. விளம்பரத் துறையில் கற்ற தொழில் அனைத்தும் அங்கே கைகொடுத்தது: எந்தப் படத்தைப் பெரிதாக வைப்பது, முதலில் முகம் சுளிப்பவரை அடுத்த பத்திவரை எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. காதுமடல் நீட்டுதல், இடுப்பைச் சிறுக்கவைத்தல், சூடு போட்டுக்கொள்ளுதல் ஆகியவை பற்றிய கட்டுரைகளுக்கு நடுவே, தங்கள் ஊரில் இதைப் பற்றி ஒருவரிடமும் வாய்திறக்க முடியாத வாசகர்கள் எழுதிய அனுபவங்களும் வந்தன. இதழின் உயிர் அந்த வாசகர்களிடம்தான் இருந்தது என்பது என் கருத்து.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். 1985இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் அவர் காவடி சுமக்கிறார். தோளில் ஏற்றிய சட்டத்திலிருந்து மெல்லிய நீண்ட வேல்கள் வரிசையாக உடலை நோக்கி நிற்கின்றன. நடக்க நடக்க அவற்றின் முனைகள் தோலில் அழுந்துகின்றன. அந்தச் சட்டத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். ஆனால் அவர் அதற்குச் சூட்டிய பெயர் ‘சிவனின் வேல்கள்’. வேலைப் பிள்ளையிடமிருந்து பிடுங்கித் தகப்பனிடம் கொடுத்துவிட்டார்! படத்தைப் பார்த்துக் கற்பதில் இப்படித்தான் நேரும். அமெரிக்கப் பூர்வகுடிகளான லக்கோட்டா மக்கள் மார்பில் துளையிட்டுக்கொண்டு ஆடும் சூரிய நடனத்தையும் அவர் இதேபோல எடுத்துச் செய்ததைப் பூர்வகுடியினர் கண்டித்திருக்கிறார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எனினும் அவர் இரவல் வாங்கியதைவிட, அவரிடம் இல்லாமற்போனதே என்னை அதிகம் யோசிக்கவைக்கிறது. உங்கள் குடும்பத்தில் ஒருவர் காவடி எடுக்கிறார் என்றால் அதற்கு முன்னால் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது, விரதம் இருக்கிறது, அலகு குத்தும்போது கையைப் பிடித்துக்கொள்ளும் மாமனும் மச்சானும் இருக்கிறார்கள், வழிநெடுக வேல் வேல் என்று கூடவே வரும் சனம் இருக்கிறது. குழந்தைக்குக் காது குத்துவதற்கே நமக்குத் தாய்மாமன் மடி வேண்டும். இவற்றில் ஒன்றுமே இல்லாத இடத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக அதைச் செய்த ஒருவர், தனக்கொரு சுற்றத்தைத் தானே அச்சடித்து உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நமக்குப் பத்திரிகை தேவைப்படாததற்கு அதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதழைவிட நெடுங்காலம் நிலைத்தது 1991இல் அவர் தொடங்கிய, உடல் துளையிடக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி. கருவிகளை ஆட்டோகிளேவின் நீராவி அழுத்தத்தில் கிருமிநீக்கம் செய்வது, ஓர் ஊசியை ஒருவருக்குமேல் பயன்படுத்தாதிருப்பது, குத்தும் இடத்தை மையால் குறித்துக் கண்ணாடியில் காட்டி, குத்திக்கொள்பவர் சம்மதித்த பிறகே தொடங்குவது ஆகியவை இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடங்கள். உள்ளீடற்ற ஊசி மறுபுறம் வெளியேறும்போதே நகையை அதன் பின்முனையோடு ஒட்டித் தள்ள வேண்டும். நடுவில் விலகிவிட்டால் துளைக்குள் நகை வழிதவறும், குத்திக்கொள்பவர் வீணாக வலிபடுவார். நம் ஊர் நகைக்கடைகளில் இன்னும் சில இடங்களில் காணப்படும் காதுகுத்தும் துப்பாக்கியை இத்தொழிலில் பயிற்சி பெற்றவர்கள் ஒதுக்குவதற்கு முக்கியக் காரணம், அதன் பிளாஸ்டிக் உடல் ஆட்டோகிளேவின் வெப்பத்தைத் தாங்காது என்பதே. முசாஃபர் 2018 ஆகஸ்டில், நுரையீரல் புற்றுநோயால், 87 வயதில் காலமானார்.

உங்கள் குடும்பத்துக்கு அலகு குத்துபவர் அதை யாரிடம் கற்றார், அலகை எப்படிச் சுத்தம் செய்கிறார், நாக்கிலும் கன்னத்திலும் இடத்தை எதை வைத்துத் தேர்கிறார் என்பவற்றை அவரிடமே கேட்டு எழுத முடியுமா? கட்டுரையில் அந்தப் பகுதியை நான் போதிய விவரமில்லாமல் விட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தை அதனுடன் சேர்த்து வெளியிட விரும்புகிறேன்.