குடல் அழற்சியில் மலம் ஓடுவதும் தேங்குவதும்: கேள்வி பதில்

கேள்வி: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோய்) வந்தால் மலம் ஏன் இப்படி அவசரப்படுத்துகிறது?

பதில்: நரம்புகளைத் தூண்டும் வேதிப்பொருளான செரோடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. உணவுக்கூழ் சுவரை உரசினால் உட்படலச் செல்கள் அதைச் சுரக்கும்; நரம்புகள் விழித்துக்கொள்ள, கூழுக்கு மேல்பக்கத் தசை சுருங்கும், கீழ்ப்பக்கம் தளரும். சுரந்ததைத் திரும்ப உறிஞ்சும் புரதம் அழற்சியில் குறைந்துவிடுவதால் தூண்டல் ஓய்வதில்லை. இதைவிடப் பெரிய தொல்லை மலக்குடலில். புண்பட்ட மலக்குடல் விரிந்துகொடுக்காது, அதன் நரம்புகளும் கூசிப்போயிருக்கும். கொஞ்சம் சளி சேர்ந்தாலே நிறைந்துவிட்ட உணர்வு வரும்.

கேள்வி: எனக்கு மலக்குடலில் மட்டும் அழற்சி. நாளுக்குப் பத்து முறை ஓடுகிறேன்; வருவது சளியும் ரத்தமும்தான். வயிறு உப்பிக் கிடக்கிறது. பேதியை நிறுத்தும் மாத்திரை போடலாமா ஐயா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்வது மலச்சிக்கல் போலத்தான் இருக்கிறது. கீழே அழற்சி இருக்கும்போது வலப்பக்கப் பெருங்குடலில் மலம் தேங்குவது உண்டு. வயிற்று எக்ஸ்ரேயில் தெரியும். தேக்கம் உறுதியானால் மலமிளக்கித் தூளை மருத்துவர் சேர்த்துத் தருவார். அழற்சியைக் குறைக்கும் மெசலமைன் சப்போசிட்டரியை (ஆசனவாய் வழியே வைக்கும் மருந்து) இரவு படுக்கும்முன் வையுங்கள், மருந்து உள்ளே நெடுநேரம் தங்கும்.

கேள்வி: பேதியை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை அவ்வளவு ஆபத்தா?

பதில்: நோய் அடங்கியிருக்கையில் மருத்துவர் சொன்ன அளவில் போடலாம். தீவிர அழற்சியில் கூடவே கூடாது. புண் தசைவரை இறங்கினால் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு பெருகித் தசை தளர்ந்துவிடும். அந்த நேரத்தில் அசைவை இன்னும் அடக்கினால் பெருங்குடல் பலூனாக வீங்கும். பெருங்குடலின் குறுக்குப் பகுதி 6 செ.மீ. அகலத்தைத் தாண்டினால் கிழியும் அபாயம். நாளுக்கு 6 முறையோ அதற்கு மேலோ ரத்தப் பேதி, அதோடு 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அல்லது நாடி 90க்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனை.

கேள்வி: க்ரோன் நோய்க்காக (குடலின் எப்பகுதியையும் தாக்கக்கூடிய அழற்சி நோய்) சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தபின் தண்ணீராகவே போகிறது. அழற்சி இல்லையாம்.

பதில்: பித்த உப்பை உறிஞ்சும் இடமே அதுதான். உறிஞ்சப்படாத உப்பு பெருங்குடலில் நீரைச் சுரக்கவைக்கும். மேல்குடலை மெதுவாக்கும் ஹார்மோன்களும் அங்கே சுரப்பவை. அந்தக் கடிவாளமும் போய்விட்டது. பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் தூளுக்குப் பெரும்பாலும் கேட்கும். மற்ற மாத்திரைகளை அதற்கு 1 மணி நேரம் முன்போ 4 மணி நேரம் கழித்தோ போடுங்கள், இல்லையேல் அவற்றையும் பிடித்துக்கொள்ளும். 100 செ.மீ.க்கு மேல் எடுத்திருந்தால் கொழுப்புப் பேதியை இந்தத் தூள் கூட்டிவிடும், மருத்துவரிடம் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மாதவிலக்கு நாட்களில் பேதி கூடுகிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: அப்படியே கொள்ள வேண்டாம். அப்போது கருப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் குடல் தசையையும் சுருக்கும். மலத்தில் ரத்தம் இல்லாமல் இரண்டு மூன்று நாளில் அடங்கினால் அதுதான் காரணம். வலிக்கு ஐபுப்ரோஃபென் தவிர்த்துப் பாராசிட்டமால் போடுங்கள். சந்தேகம் தீரவில்லையா, குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தை மலத்தில் பாருங்கள்: கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் அழற்சியைத் தேட வேண்டும்.